கால் தட்டும் இடம்

அன்று காலை என் கணவர் வீட்டில் செய்த கடைசி வேலை, காபி குடித்த இரண்டு டம்ளர்களையும் கழுவிக் கவிழ்த்து வைத்தது. ஈரக் கையைத் துண்டில் துடைக்காமல் வழக்கம்போல் என் தோளில் துடைத்தார். நான் வழக்கம்போல் திட்டினேன். திட்டு முடிவதற்குள் ஒரு கேள்வி கேட்டார். உலகம் முழுக்க ஓடுகிறதே ஒரு கார், அந்தக் கம்பெனியின் பெயருக்கு என்ன அர்த்தம் என்று.

"கார் விக்கிறவன் பேரு. அதுக்கு என்ன அர்த்தம் இருக்கும்?"

"ஆத்துல எறங்கி நடந்து போற எடம்மா அது. கடவு. நம்ம வீட்டுப் பேரு."

"அப்ப ஒரு கார் குடுக்கச் சொல்லுங்க. சொந்தக்காரங்கதானே."

சிரித்துக்கொண்டே வேன் சாவியை எடுத்துக்கொண்டு போனார். அந்தச் சிரிப்பு படிக்கட்டில் இறங்கிப் போனது வரை எனக்குக் காதில் இருக்கிறது.

அவருக்கு வேலை ஒரு சலவை நிறுவனத்தில். மருத்துவமனைகளும் ஓட்டல்களும் அனுப்புகிற விரிப்பு, திரை, சீருடை எல்லாம் அங்கே வெளுக்கப்படும். அழுக்கை எடுத்து வருவதும், வெளுத்ததைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவர் பொறுப்பு. சீருடைகளின் கழுத்துப்பட்டைக்கு உள்பக்கம் அவரவர் பெயர் தைத்திருக்கும். மற்ற ஓட்டுநர்கள் அதைப் பார்த்துப் பிரித்துப் போடுவார்கள், அவ்வளவுதான். இவர் அடுத்த முறை போகும்போது அந்த ஆளையே தேடிப் பிடித்து, "உங்க பேருக்கு என்னங்க அர்த்தம்?" என்று கேட்டுவிட்டு வருவார். சிலருக்குத் தெரியும். சிலர் அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொல்வார்கள். ஒரு நர்ஸ், "பொண்ணு பாக்க வந்தவர் கூட இவ்வளவு விசாரிக்கலை" என்று கிண்டல் செய்தாளாம்.

அவர் குடும்பத்தை எல்லோரும் 'கடவு வீட்டுக்காரர்கள்' என்பார்கள். கடவு என்றால் வேறொன்றும் இல்லை. ஆற்றில் ஆழமில்லாமல், அடியில் கல்லோ கெட்டி மணலோ இருந்து, காலால் கடந்து போகக்கூடிய இடம். அவருடைய முன்னோர் எந்த ஆற்றங்கரையில் இருந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. வெளியூர்க்காரர்களைக் கைப்பிடித்துக் கடத்தி விடுவது அவர்கள் வேலையாக இருந்தது என்று மட்டும் சொல்வார்கள். ஆறு போய்விட்டது, வேலை போய்விட்டது, பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது. சலவைக்கூடத்திலும் அவரைக் கடவு என்றுதான் கூப்பிட்டார்கள்.

தன் வீட்டுப் பெயருக்கு உலகத்தில் எத்தனை பங்காளிகள் என்று அவர் கண்டுபிடித்தது இந்தக் கழுத்துப்பட்டைகளில்தான். ஒரு பல் டாக்டரின் வெள்ளைக் கோட்டில் ஃபோர்டு என்று தைத்திருந்தது. அதன் பொருள் கடவு. ஆக்ஸ்ஃபோர்டு என்று பெரிய படிப்புக்காரர்கள் சொல்லிக்கொள்கிற ஊர், காளைகள் கடந்த கடவு. ஃபிராங்க்ஃபர்ட்டின் வாலில் இருப்பதும் கடவு. ஓட்டல் சமையல்காரர் ஒருவர் ஜப்பானியர், பெயர் வதாஸே. ஆழமில்லாத நீரைக் கடப்பது என்று அவர் கையால் நடந்து காட்டி விளக்கினாராம். சலவைக்கூடத்துப் பாய்லரைப் பார்த்துக்கொள்கிறவர் வேறொரு தேசத்திலிருந்து வந்தவர். அவர் ஊர் ப்ரோட். அதுவும் கடவுதான். அவர்கள் நாட்டில் அந்தப் பெயரில் ஊர்களும் பல, ஆட்களும் பலர். "எங்க நாட்டுல கொழந்தை தொலைஞ்சா, எந்த ப்ரோட்டுன்னு கேட்டே பொழுது போயிடும்" என்பார் பாய்லர்காரர்.

இதையெல்லாம் என் கணவர் சாப்பிடும்போது சொல்வார். எனக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண் பரிசோதனைக்கு வருகிறவர்களை உட்காரவைத்து எழுத்து அட்டையைக் காட்டுவது, கண்ணாடிச் சட்டத்தை மூக்குக்கு ஏற்ப வளைப்பது. நாளெல்லாம் தனி எழுத்துகளோடு இருந்துவிட்டு வருகிறவளுக்கு முழுச் சொல் கேட்பது பிடிக்கும். ஒருநாள் சொன்னார்: "ஒருத்தரை ஒருத்தர் பாத்ததே இல்லை. ஆனா ஆத்தைப் பாத்ததும் எல்லாரும் ஒண்ணத்தான் தேடியிருக்காங்க, கால் எங்க தட்டும்னு. அதைக் கண்டுபிடிச்சவன் அடுத்தவனுக்குச் சொல்லிட்டுப் போயிருக்கான். பேருன்னா அதுதாம்மா."

கால் தட்டுது என்பது அவர்கள் வீட்டுச் சொல்; காலுக்கு அடித்தரை கிடைக்கிறது, இறங்கலாம் என்று அர்த்தம். மழைக்குத் தெருவில் தண்ணீர் நின்றாலும் போதும், அவர்கள் சும்மா இறங்க மாட்டார்கள். ஒருவர் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் இரண்டு மடிப்பு மடிப்பார். கையில் கம்போ குடையோ எடுத்துக்கொள்வார். முன்னால் தடவித் தடவிப் போய், திரும்பி, "கால் தட்டுது" என்று சொன்ன பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். கல்யாணமான புதிதில், கணுக்கால் நனையாத தண்ணீரில் அவர் குடையால் குத்திக்கொண்டு போனதைப் பார்த்து நான் நடுத்தெருவில் நின்று சிரித்திருக்கிறேன். அவருடைய தங்கை, என் நாத்தனார், "சிரிங்க அண்ணி, சிரிங்க. சாக்கடை மூடி தெறந்திருந்தா அப்ப தெரியும் எங்க அண்ணன் அருமை" என்றாள்.

அவர் டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போன அன்று, பாலத்தின் மேல் ஒரு லாரி கவிழ்ந்துவிட்டது. அக்கரையில் ஒரு மருத்துவமனை. அறுவை சிகிச்சைக் கூடத்துக்கான விரிப்புகள் வேனில் இருந்தன. போலீஸ்காரர் வண்டிகளைத் திருப்பி, ஊரைச் சுற்றிப் போகச் சொல்லிக்கொண்டிருந்தாராம். இவர் ஆற்றோரச் சாலையில் திரும்பியிருக்கிறார். அந்தப் பக்கம் அவருக்குப் பழக்கமில்லை. சாலை ஓரத்தில் நீலத்தில் வெள்ளை எழுத்துகளில் ஒரு பலகை இருந்தது. கடவு. பக்கத்தில் ஆற்றைக் காட்டும் அம்புக்குறி. அம்புக்குறியைப் பிடித்துப் போனால் ஒரு சிமெண்ட் சரிவு நேராகத் தண்ணீருக்குள் இறங்குகிறது. மழைக்காலத் தண்ணீர், கலங்கல், அடி தெரியாது.

வேனைக் கரையிலேயே நிறுத்தியிருக்கிறார். கைப்பிரேக் போட்டிருந்தது. ஓரத்து விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. செருப்பை இருக்கைக்குக் கீழே ஜோடியாக வைத்திருந்தார். தள்ளுவண்டிகளை இழுக்க வேனில் வைத்திருக்கிற நீளக் கம்பு மட்டும் இல்லை. அது பிறகு ஆற்றின் வளைவில் செடிகளுக்குள் கிடைத்தது.

அந்தச் சரிவு உல்லாசப் படகுகளை இறக்குவதற்குக் கட்டியதாம். தண்ணீருக்கடியில் கொஞ்ச தூரம் போய்ச் சட்டென்று வெட்டினாற்போல் முடிந்துவிடும். அதற்கப்புறம் இரண்டு ஆள் ஆழம்.

மருத்துவமனையில் அவரைக் காட்டினார்கள். மேலே போர்த்தியிருந்த விரிப்பின் ஓரத்தில் அவருடைய சலவைக்கூடத்து முத்திரை இருந்தது. நான் விரிப்பைக் கால்பக்கம் விலக்கிப் பார்த்தேன். பேண்ட் இரண்டு கால்களிலும் முழங்காலுக்கு மேல் இரண்டு மடிப்பு. அவ்வளவு தண்ணீரிலும் பிரியவில்லை. அதைப் பார்த்ததும் அங்கே என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆனால் சொன்னார்கள். 'பணி நேரத்தில் வாகனத்தை நிறுத்திவிட்டு ஆற்றில் குளிக்க இறங்கியவர், தவறி மூழ்கினார்.' இதுதான் நகராட்சி சொன்னது. இதையேதான் போலீசும் சொன்னது. சலவை நிறுவனத்து மேலாளர் துக்கம் கேட்க வந்தபோது, வேலை நேரத்தில் அவர் இப்படிச் செய்வார் என்று தான் நினைக்கவே இல்லை என்று என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிவிட்டுப் போனார். என் நாத்தனார் அவருக்குக் கொடுத்த தண்ணீர் டம்ளரை அவர் குடித்து முடிப்பதற்குள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

நான் அழுதது கொஞ்ச நாள்தான். அதற்கப்புறம் வந்தது கோபம். அது போகவில்லை.

கடவு என்ற பெயர் அங்கே எப்படி வந்தது என்று விசாரித்தோம். நானும் நாத்தனாரும் பாய்லர்காரரும். அதில் ரகசியம் ஒன்றும் இல்லை, ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். உண்மையான கடவு மேலே, ஆறு பாறைமேல் அகலமாகப் பரந்து ஓடுகிற இடத்தில் இருக்கிறது. அங்கே இருந்த நாலைந்து தெருக்களுக்கும் அதுதான் பெயர். முன்னாள் நகராட்சித் தலைவர் ஒருவர் தன் அப்பாவின் பெயரை எங்காவது வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்தத் தெருக்களுக்கு வைத்துவிட்டார்கள். கடவு என்ற பெயர் சும்மா கிடந்தது. கீழே ஆற்றின் வளைவில் அடுக்குமாடி வீடுகள் கட்டிய கம்பெனிக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. சின்னதாக, பழசாக, நாக்கில் நிற்கிற மாதிரி. கேட்டார்கள், கொடுத்துவிட்டார்கள். ஆற்றிலேயே மிக ஆழமான இடத்துக்கு, கடந்து போகலாம் என்று பெயர்.

ஊரில் இரண்டு இடத்தில் ஒரே பெயர் இருந்தால் குழப்பம் வரும் என்று, மேலே இருந்த பழைய பலகையைக் கழற்றியது வேறு நடந்திருக்கிறது. அவ்வளவு ஒழுங்கு.

அடுக்குமாடி வாசலில் ஒரு காவலாளி. வயதானவர், நல்ல மனிதர். எங்களை உட்காரச் சொல்லி இடம் கொடுத்தார். வெளியூர் வண்டிகள் அடிக்கடி வந்து நிற்கும் என்றார். கண்ணாடியை இறக்கி, எங்கே கடக்க வேண்டும் என்று கேட்பார்கள். இங்கே கடக்க முடியாது, இது வீடுகளின் பெயர் என்று தான் சொல்லித் திருப்பி அனுப்புவதாகச் சொன்னார். அன்று காலை அந்தக் காவலாளி வேலைக்கு வருவதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டிருந்தது.

"நான் இருந்திருந்தா சொல்லியிருப்பேம்மா" என்றார். "ஒவ்வொரு தடவையும் சொல்றேன். பலகையை எடுங்கன்னும் சொன்னேன். உனக்கு எதுக்கு அந்தக் கவலைன்னுட்டாங்க."

எங்களுக்கு அது போதும் என்று நினைத்தேன். வேறு என்ன வேண்டும்? பெயரை நம்பி வண்டிகள் வந்து நிற்கின்றன. அதைப் பார்த்த ஆள் இருக்கிறார். நகராட்சியில் மனு கொடுத்து, நேரில் பேச நேரம் வாங்கினோம். கேட்டது இரண்டே விஷயம். குளிக்க இறங்கினார் என்பதை மாற்ற வேண்டும். அந்தப் பலகையை எடுக்க வேண்டும்.

பெயர்களுக்குப் பொறுப்பான அதிகாரியின் அறை மாடியில் இருந்தது. மேஜைமேல் அவருடைய பெயர் பித்தளையில், எங்களைப் பார்த்து நின்றது. புதுக் கண்ணாடி போட்டிருந்தார். சட்டம் ஒரு பக்கம் இறங்கியிருந்ததால் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் படித்தார். வேறு நாளாக இருந்தால் கழற்றி வளைத்துக் கொடுத்திருப்பேன். அன்று சாய்ந்தே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மரியாதையாகத்தான் பேசினார். அதுதான் தாங்க முடியவில்லை. இழப்பு பெரியது என்றார். பெயர் என்பது ஓர் அடையாளம், அவ்வளவுதான் என்றார். ரோஜா நகரில் ரோஜாவா இருக்கிறது என்று கேட்டார்.

"ரோஜா இல்லைன்னா யாரும் சாக மாட்டாங்க" என்றாள் நாத்தனார்.

அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. படித்தவர்கள் யாரும் ஓர் ஊரின் பெயரை நம்பி ஆற்றில் இறங்க மாட்டார்கள் என்றார். பாய்லர்காரர் தன் ஊரைப் பற்றி, ப்ரோட் என்று பெயர் வைத்த இடத்தில் இன்றும் எங்கே இறங்கினாலும் கல் இருக்கும் என்பதைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். பல நாடுகளில் அப்படித்தான் என்று என் கணவர் சேகரித்த பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுவாரசியமான விஷயம், ஆனால் அது வேறு நாடு என்றார்.

நான் காவலாளி சொன்னதைச் சொன்னேன். வண்டிகள் வந்து நிற்பதை, கேட்பதை. அதிகாரியின் முகம் தெளிந்தது. எனக்கு ஒரு கணம் நம்பிக்கை வந்தது.

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்" என்றார். "மத்தவங்கல்லாம் கேட்டுட்டுப் போறாங்க. உங்க வீட்டுக்காரர் கேக்கலை."

யாரைக் கேட்டிருக்க வேண்டும்? இன்னும் வேலைக்கு வராத காவலாளியையா? என் கணவர் கேட்டார். உலகம் முழுக்க எல்லோரும் கேட்பதைப் போலத்தான் கேட்டார். அந்தப் பலகையைக் கேட்டார். அது பொய் சொன்னது. அப்படியும் அவர் அதை முழுக்க நம்பவில்லை. வேனை நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கம்பை எடுத்துக்கொண்டு, தன் காலால் சரிபார்க்க இறங்கினார். கவனமில்லாத ஆள் வேனோடு போயிருப்பான்.

இதையெல்லாம் நான் அப்போது இவ்வளவு கோர்வையாகச் சொல்லவில்லை. எனக்கு வாயில் வந்தது இதுதான்:

"குளிக்கப் போறவங்க சட்டையைக் கழட்டுவாங்க சார். அவர் பேண்ட்டை மடிச்சு விட்டிருந்தார். முழங்கால் வரைக்கும்தான் தண்ணி இருக்கும்னு உங்க பலகை அவர்கிட்ட சொல்லியிருக்கு."

"அது எங்க பலகை இல்லைம்மா. கம்பெனியோடது. நாங்க அனுமதி மட்டும்தான் குடுத்தோம்."

"நான் கண்ணாடிக் கடையில வேலை பாக்கறேன். சின்ன எழுத்தைத் தப்பாப் படிக்கறவங்களை தெனம் பாக்கறேன். பெரிய எழுத்தைச் சந்தேகப்பட்டவங்களை இதுவரைக்கும் பாத்ததில்லை."

அவர் தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தார். ஆவன செய்வதாகச் சொன்னார். படி இறங்கும்போது நாத்தனார், "அவன் பேரை எடுத்து வேற எவன் மேஜையிலாவது வெச்சுட்டு வரணும் அண்ணி. அப்பத் தெரியும், பேரு வெறும் அடையாளமா இல்லையான்னு" என்றாள். பாய்லர்காரர் கீழே வந்ததும் தன் மொழியில் ஏதோ சொன்னார். அர்த்தம் கேட்கவில்லை. தொனியே போதும்.

ஆவன செய்தார்கள். அதை நாங்கள் தெரிந்துகொண்டது காவலாளி போன் செய்து சொன்னபோது. பலகையில் ஏதோ வேலை நடக்கிறது, வந்து பாருங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலை நானும் நாத்தனாரும் போனோம். மழைக்காலம் முடிந்து வெயில் வந்திருந்தது. காவலாளி எழுந்து நின்றார்; எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

நீலப் பலகை அப்படியே இருந்தது. கழுவித் துடைத்திருந்தார்கள். கடவு. அம்புக்குறி. அதற்குக் கீழே, அதே கம்பத்தில், சிவப்பில் ஒரு புதுப் பலகை. 'இங்கே குளிக்கத் தடை.'

நான் அதைப் படித்தேன். திரும்பவும் படித்தேன். அவர் செய்யாத ஒன்றைச் செய்யக் கூடாது என்று, அவர் செத்த இடத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். மேல் பலகை வா என்கிறது. கீழ்ப் பலகை, வந்தவன் குளிக்கத்தான் வந்தான் என்கிறது. அவருடைய சாவை அந்தக் கம்பத்தில் நிரந்தரமாகத் திருகி விட்டார்கள். இனி வருகிறவன் இதைப் படிப்பான். நான் குளிக்கவா வந்தேன், கடக்கத்தானே வந்தேன் என்று நினைப்பான். மடித்துக்கொண்டு இறங்குவான்.

நாத்தனார் கீழே குனிந்து ஒரு கல்லை எடுத்தாள். காவலாளி தடுக்கவில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். எறிந்தால் அந்த மனிதரின் வேலைதான் போகும் என்று அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். கல்லைக் கம்பத்தின் அடியில் வைத்துவிட்டு, "வாங்க அண்ணி" என்றாள்.

எங்கே என்று நான் கேட்கவில்லை. ஆற்றோரமாக மேலே நடந்தோம். காவலாளி பின்னாலிருந்து ஏதோ சொன்னார். யார் வந்து கேட்டாலும் தான் சொல்லிக்கொண்டே இருப்பதாகச் சொன்ன மாதிரி இருந்தது. பாலத்துக்குக் கீழே நுழைந்து, குப்பை எரித்த இடத்தைத் தாண்டி, முன்னாள் தலைவரின் அப்பா பெயர் எழுதிய நுழைவு வளைவு வரை போனோம். வளைவில் அந்தப் பெரியவரின் படமும் இருந்தது. மீசை வைத்த, கோட்டுப் போட்ட படம். இந்த ஆற்றில் ஒருநாளாவது கால் வைத்திருப்பாரா என்று நாத்தனார் கேட்டாள். வளைவுக்குப் பின்னால் ஒரு பாதை ஆற்றுக்கு இறங்குகிறது. பலகை எதுவும் இல்லை. பலகை இருந்த கம்பத்தின் அடிக்கட்டை மட்டும் சிமெண்டில் நின்றது.

அங்கே ஆறு அகலமாக இருந்தது. மேற்பரப்பில் சின்னச் சின்னச் சுருக்கங்கள். நாத்தனார் செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்தாள். பேண்ட்டை இரண்டு மடிப்பு மடித்தாள். என் குடையை வாங்கிக்கொண்டாள். எனக்கு அவளைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது, இழுக்கவில்லை. குடையால் முன்னால் தட்டித் தட்டிப் போனாள். நடு ஆறு வரை போனாள். நின்றாள். திரும்பினாள்.

"கால் தட்டுது அண்ணி."

நானும் இறங்கினேன். அடியில் பாறை வழவழப்பாக, சரிவில்லாமல் இருந்தது. தண்ணீர் முழங்கால் வரைதான்.